பதினான்கு நிலைகளும் ஒரே கூக்குரலும்

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை நம் சபைகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். சிலுவையில் நம் ஆண்டவர் மொழிந்த ஏழு வார்த்தைகளை எழுவர் பங்கிட்டுக்கொண்டு அருளுரை ஆற்றுவர். இவற்றுள் நான்காம் வார்த்தை எவருக்கு ஒதுக்கப்படுகிறதோ, அவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. மற்ற ஆறும் மன்னிப்பாகவோ வாக்குறுதியாகவோ ஒப்படைப்பாகவோ அமைந்திருக்க, இது ஒன்று மட்டும் வினாவாக நிற்கிறது. அதுவும் விடை தரப்படாத வினா. தமக்கு அளிக்கப்பட்ட பதினைந்து நிமிடங்களுக்குள் போதகர் அவ்வினாவுக்கு ஒரு விடையைத் தேடிக் கொடுத்துவிட்டே பீடத்திலிருந்து இறங்குகிறார். நாமும் பலமுறை அவ்வாறே இறங்கியுள்ளோம்.

இதே நான்காம் வார்த்தையோடு எட்டு ஆண்டுகள் போராடி, விடை எதுவும் கூறாமலேயே தம் பணியை முடித்துக் காட்சிக்கு வைத்த ஓவியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பார்னெட் நியூமன். அவர் கிறிஸ்தவர் அல்லர், யூதர். நியூயார்க் நகரின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 1966-ஆம் ஆண்டு அவர் தனியராக நடத்திய காட்சியின் பெயர், 'சிலுவைப் பாதையின் நிலைகள்: லாமா சபக்தானி' என்பதாகும். அக்காட்சிக்கு உரிய பதினான்கு ஓவியங்களும் உருவான விதத்தையும், அவற்றின் சிறப்பையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வோவியங்களை நாம் நேரில் கண்டோமில்லை; அச்சுப்படங்களில் மட்டுமே கண்டோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம். அதனால் நம் தீர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு.

ஓவியரும் அவர் காட்சிகளும்

நியூமன் 1905-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். ரஷ்ய ஆட்சிக்கு உட்பட்டிருந்த போலந்துப் பகுதியிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். கல்லூரியில் அவர் பயின்றது தத்துவம். தந்தையாரின் ஆடைத் தொழிலில் பல ஆண்டுகள் உழைத்தார். இரண்டாம் உலகப்போரின் அழிவுக்குப் பின்னர், பூக்களையும் சாய்ந்து கிடக்கும் உருவங்களையும் முன்போல் தீட்டிக்கொண்டிருக்க இயலாது என்றும், எதை வரைவது என்பதே ஓவியனின் அறநெறிச் சிக்கலாகிவிட்டது என்றும் அவர் கருதினார். 1948-இல், தம் பிறந்தநாளன்று, செம்பழுப்பு நிறப் பரப்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒற்றைப் பட்டை இறங்கும் சிறு ஓவியம் ஒன்றைத் தீட்டினார். பிறகு பல மாதங்கள் வேறொன்றும் தீட்டாமல், தாம் செய்தது இன்னது என்று அதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். பரப்பைப் பிரித்து இறங்கும் அந்த நெடும்பட்டையே அன்று முதல் இறுதிவரை அவர் கலையின் அடையாளமாயிற்று.

1950-ஆம் ஆண்டிலும் 1951-ஆம் ஆண்டிலும் பெட்டி பார்சன்ஸ் காட்சிக்கூடத்தில் அவருடைய தனிக்காட்சிகள் நடைபெற்றன. இரண்டுமே தோல்வி. சக ஓவியர்கள்கூட அவரைக் கைவிட்டனர் என்றே கூறவேண்டும். பலரோடு சேர்ந்து படம் வைக்கும் பொதுக்காட்சியில் ஒருவனுடைய குறையை அடுத்தவனுடைய நிறைவு மறைத்துவிடும். தனிக்காட்சியிலோ நான்கு சுவர்களிலும் தன்னைத் தவிர வேறொருவரும் இல்லை. அங்கே அடையும் தோல்வி முழுமையானது. நியூமன் அதன்பின் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தனிக்காட்சி நடத்தவில்லை. 1957-ஆம் ஆண்டின் இறுதியில் மாரடைப்பால் வீழ்ந்தார். மரணத்தின் வாசல்வரை சென்று திரும்பிய அம்மனிதர், அடுத்த ஆண்டு மீண்டும் தூரிகையை எடுத்தபோது வண்ணங்கள் அனைத்தையும் விலக்கிவிட்டு, பூச்சில்லாத கித்தான்மேல் கறுப்பு மட்டும் கொண்டு இரண்டு ஓவியங்களைத் தீட்டினார். அவையே பின்னாளில் முதலாம் நிலையும் இரண்டாம் நிலையும் ஆயின.

பொருள் பின்னர் வந்தது

'பின்னாளில்' என்ற சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். 1958-இல் அவ்விரு படங்களையும் வரைந்தபோது சிலுவைப் பாதை அவர் உள்ளத்தில் இல்லை. 1960-இல் மேலும் இரண்டு தீட்டினார். நான்காவது படத்தின்முன் நின்றபோதுதான் தாம் எதை வரைந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்ததாம். பின்னர் 1962-இல் இரண்டு, 1964-இல் மூன்று, 1965-இல் மூன்று என வளர்ந்து, 1965-இல் தொடங்கிய இறுதி இரண்டும் 1966-இல் முடிந்தன. அவ்வாண்டு ஏப்ரல் மாதமே காட்சி திறக்கப்பட்டது. அதை ஏற்பாடு செய்தவர், அந்த அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லாரன்ஸ் அலோவே என்னும் திறனாய்வாளர்.

இவ்வரலாற்றைக் கேட்டு ஐயுறுவோர் உண்டு. முதலில் கோடுகளை இழுத்துவிட்டுப் பின்னர் அவற்றின்மேல் ஒரு புனிதப் பெயரை ஒட்டியதாகாதா என்று வினவுவர். 1966-இல் எழுதிய விமர்சகர்களிற் சிலரும் இதையே வேறு சொற்களில் ஏளனமாகக் கேட்டனர். இக்கேள்வி நியாயமானதே. ஏனெனில் தலைப்பை நீக்கிவிட்டு இவற்றைக் கண்ணுறும் ஒருவர், கிறிஸ்துவின் பாடுகளை இவற்றில் தாமாகவே கண்டுகொள்வார் என்று நாம் துணிந்து கூற இயலாது.

ஆயினும், பொருளை முன்னரே முடிவுசெய்துகொண்டு அதற்குப் படம் வரைவதற்கும், செய்துகொண்டிருக்கும் வேலையே தன் பொருளை வெளிப்படுத்தும்வரை காத்திருப்பதற்கும் வேறுபாடு உண்டு. பிந்தியதை ஒட்டுவேலை என்பது பொருந்தாது. நான்காவது படத்தில் பெயர் கிடைத்தபின் அவருக்கு வேலை எளிதாகவில்லை, கடினமாயிற்று. இன்னும் பத்துப் படங்களை அவர் அந்தப் பெயருக்குக் கடன்பட்டவராய்த் தீட்ட வேண்டியிருந்தது. அதே கித்தான், அதே அளவு, அதே இரு நிறங்கள் என்னும் கட்டுக்குள் தம்மை நிறுத்திக்கொண்டு மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஒட்டுவேலை செய்கிறவனுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

படங்களின் அமைப்பு

ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 198 சென்டிமீட்டர் உயரமும் 153 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதாவது ஆறரை அடிக்கு ஐந்தடி. ஒரு மனிதன் நிமிர்ந்து நின்று கைகளை விரித்தால் கொள்ளும் இடத்தைவிடப் பெரிதன்று. பதினெட்டு அடி அகலத்துக்கு ஓவியம் தீட்டிப் பழகியவர் இங்கே மனித அளவுக்கு இறங்கி வந்தார் என்பது கருதத்தக்கது.

நிறங்கள் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. மூன்றாவதாக ஒரு நிறம் உண்டெனில் அது கித்தானின் இயற்கையான மங்கிய பழுப்பு. வழக்கமாக ஓவியர் முதலில் கித்தான்மேல் வெண்பூச்சு ஒன்றை அடித்து அதை மறைத்துவிடுவர். நியூமன் அதை மறைக்கவில்லை. முதலாம் நிலையில் இடப்புறம் கறுத்த பட்டை ஒன்று உறுதியாக நிற்கிறது. வலப்புறத்திலோ, ஒட்டுநாடாவை நெடுகப் பதித்து, அதன் இருமருங்கும் உலர்ந்த தூரிகையால் கறுப்பை இழுத்து, பின்னர் நாடாவை உரித்தெடுத்திருக்கிறார். ஆகவே அங்கே நாம் காணும் கோடு தீட்டிய கோடன்று. தீட்டாமல் விட்ட வெறுங்கித்தான். அதன் ஓரங்களில் மை சிதறியும் கசிந்தும் கிடக்கிறது. ஒன்று இருந்து எடுக்கப்பட்டதன் தடம் அது. கைவிடப்படுதலைக் குறித்த ஒரு தொடரின் தொடக்கத்தில் இது நிற்பது தற்செயலாயினும் பொருத்தமானதே.

தொடர் முன்னேறும்போது ஒன்பதாம், பத்தாம், பதினோராம் நிலைகளில் கறுப்பு மறைந்து வெண்மையே எஞ்சுகிறது. துயரம் வடிந்துவிட்டது என்று எண்ணுவதற்குள் பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் கருமை முன்னிலும் அகன்று திரும்புகிறது. பதினான்காவது மீண்டும் வெண்மை. அச்சுப்படத்தில் கித்தானின் பழுப்பும் வெண்பூச்சும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுவதால், இந்த வெண்மைகளின் வேறுபாட்டை நம்மால் முழுமையாய் உணர முடியவில்லை.

கதையின்றிப் பாடுகள்

சிலுவைப் பாதை என்னும் பக்திமுறையை நம் சீர்திருத்த முன்னோர் ஏற்கவில்லை. எருசலேமின் துன்பப் பாதையில் நடக்க இயலாத விசுவாசிகளுக்காக, பிரான்சிஸ்கு சபைத் துறவியர் பரப்பிய இவ்வழிபாட்டில் நிலைகள் பதினான்கு என்பது 1731-இல்தான் உறுதி செய்யப்பட்டது. ஆண்டவர் மும்முறை விழுதல், வெரோனிக்காள் அவர் முகத்தைத் துடைத்தல் போன்றவை நற்செய்தி நூல்களில் இல்லாதவை. ஆதலால் நம் ஆலயச் சுவர்களில் அப்படங்கள் இல்லை. ஆயினும் நம் பிரசங்கங்களில் அவ்வழக்கம் வேறு உருவில் புகுந்திருப்பதை மறுக்க முடியுமா? ஆணியின் நீளம் எவ்வளவு, முள் எந்த மரத்தது, சவுக்கில் எத்தனை வார் என்று நாமும் சொல்லால் நிலைகளை வரைகிறோம். கேட்போர் கண்ணீர் விடுகின்றனர். கண்ணீர் வந்ததும் வினா மறைந்துவிடுகிறது.

நியூமன் பதினான்கு என்ற எண்ணை எடுத்துக்கொண்டார், கதையை விட்டுவிட்டார். விழுதல் இல்லை, துகில் இல்லை, தாயின் சந்திப்பு இல்லை. பாடுகள் என்பது ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்த சம்பவங்களின் கோவை அன்று, தொடக்கம் முதல் முடிவுவரை அது ஒரே கூக்குரல்தான் என்பது அவர் கொள்கை. ஆகவேதான் 'லாமா சபக்தானி' என்பது பன்னிரண்டாம் நிலைக்கு மட்டும் உரிய தலைப்பாகாமல் பதினான்குக்கும் தலைப்பாயிற்று. பிரான்சு நாட்டின் வான்ஸ் சிற்றாலயத்தில் ஆன்ரி மத்தீஸ் தீட்டிய நிலைகளோடு இதனை ஒப்பிடலாம். 1951-இல் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்தில், வெண்ணிற ஓடுகள் பதித்த ஒரே சுவரில் கறுப்புக் கோடுகளால் பதினான்கையும் அவர் ஒன்றாய் வரைந்து எண்ணிட்டார். இருவரும் கறுப்பையும் வெள்ளையையுமே நம்பினர். இருவரும் அலங்காரத்தை அஞ்சினர். ஆனால் மத்தீஸின் சுவரில் சிலுவை இருக்கிறது, சுமக்கிறவர் இருக்கிறார். நியூமனின் கித்தானில் எவரும் இல்லை.

இக்கூக்குரல் அரமேய மொழியில் எழுந்தாலும் அதன் மூலம் எபிரேயச் சங்கீதம், அதாவது 22-ஆம் சங்கீதம். ஒரு யூதர் இதனைத் தம் முன்னோரின் ஜெபமாகவே கேட்பதில் வியப்பில்லை. நாமோ மாற்கு 15:34-ஐ வாசித்தவுடன், அச்சங்கீதம் துதியில் முடிகிறது என்று விரைந்து சுட்டிக்காட்டுகிறோம். அது உண்மையே. ஆனால் நற்செய்தியாளர் நமக்குத் தந்தது சங்கீதத்தின் முடிவை அன்று, முதல் வரியை. நியூமன் அவ்வரியிலும் 'லாமா' என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டார். 'ஏன்', 'எதற்காக' என்னும் அச்சொல்லே மானிடத் துன்பத்தின் மூல வினா, அதற்கு விடையில்லை என்பதே அவர் எழுதிய குறிப்பின் சாரம்.

இவ்விடத்தில் நம் ஊழியத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவது பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சபையில், மூன்று வயதுக் குழந்தையைக் காய்ச்சலுக்கு இழந்த தாய் நம்மை நோக்கி, 'ஐயா, ஏன்?' என்று கேட்டார். நாம் ரோமர் 8:28-ஐ எடுத்துரைத்தோம். வசனம் தவறன்று. ஆனால் அத்தாய் அதன்பின் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறுதல் அடைந்துவிட்டார் என்று அன்று எண்ணினோம். கேட்பதை நிறுத்திவிட்டார் என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தோம். கெத்செமனேயில் சீஷர்கள் உறங்கிப் போனார்கள். நாம் உறங்காமல் பேசிப் போனோம். அவரோடு விழித்திராதது இரண்டிலும் ஒன்றே.

நம் மறுப்பு

இத்தனையும் கூறியபின், இறையியல் நோக்கில் நமக்குள்ள மறுப்பையும் மறைக்கலாகாது. இவ்வோவியங்களில் சரீரம் இல்லை. வார்த்தை மாம்சமாயிற்று என்பது நம் விசுவாசம். 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில்' என்று நாம் விசுவாசப் பிரமாணத்தில் ஓர் ஆளுநனின் பெயரைச் சொல்வது, பாடுபட்டவர் ஒரு நாட்டில், ஒரு நாளில், ஓர் உடலில் பாடுபட்டார் என்பதற்காகவே. ஈசன்ஹைம் பலிபீடத்தில் மத்தியாஸ் குருனேவால்ட் தீட்டிய சிலுவைக் காட்சியில், முள் தைத்த தோலும் விறைத்த விரல்களும் அதனை மறக்கவொட்டாமல் செய்கின்றன. கார்ல் பார்த் அப்படத்தின் பிரதி ஒன்றைத் தம் எழுதும் மேசைக்கு மேலே வைத்திருந்தார். அதில் சிலுவையைச் சுட்டும் யோவானின் நீண்ட விரலே போதகனின் பணி இன்னதெனக் காட்டுகிறது என்பார். நியூமனின் தொடரில் சுட்டுவதற்கு ஒருவரும் இல்லை. எல்லோருடைய கூக்குரலாகவும் ஆகிவிட்ட அது, நசரேயனாகிய இயேசுவின் கூக்குரல் என்பதை இழந்துவிடும் அபாயம் உண்டு.

இம்மறுப்பை நாம் திரும்பப் பெறவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் அதன் கடுமையைத் தணிக்கின்றன. முதலாவது, தம் பெரிய படங்களைத் தூரத்தில் நின்று பாராமல் அருகே வந்து பார்க்குமாறு 1951-ஆம் ஆண்டுக் காட்சியிலேயே நியூமன் அறிவிப்பு எழுதி வைத்தவர். மனித அளவுள்ள பதினான்கு கித்தான்களின்முன் ஒன்றன்பின் ஒன்றாய் நடந்து நிற்கிறவனுக்கு, அங்கே இல்லாத சரீரத்தின் இடத்தில் அவன் சரீரமே நிற்கிறது. துன்பப் பாதையில் நடப்பது அவனே ஆகிறான். பழைய பக்திமுறை விரும்பியதும் இதுவே அன்றோ? இரண்டாவது, விக்கிரகம் செய்யற்க என்னும் கட்டளையின் நிழலில் வளர்ந்த ஒரு சமுதாயத்தவர், நம் ஆண்டவரின் முகத்தை வரையாமல் விட்டதை நாம் குறையாக மட்டும் கருதலாகாது. வரையத் துணியாமையும் ஒருவகை மரியாதையே.

இவ்விடத்தில் மற்றொரு தவறுக்கும் இடங்கொடாதிருப்போமாக. பதினான்காம் நிலையின் வெண்மையைக் கண்டு, இதோ உயிர்த்தெழுதல் என்று மகிழ்ந்து கூறும் கிறிஸ்தவ விளக்கங்கள் எழக்கூடும். மரபுப்படி பதினான்காம் நிலை அடக்கம் பண்ணுதலைக் குறிப்பது. வெண்மை பிரேதச் சீலையின் நிறமுமாகும். அக்காட்சியில் பதினான்கோடு 'இரு' என்னும் பொருள்படும் பெயருடைய வேறோர் ஓவியமும் இடம்பெற்றது. ஓரத்தில் செம்மஞ்சள் நிறம் ஏறிய அந்தப் படத்தைத் தொடருக்கு வெளியே தனியே வைத்தார் என்பதே குறிக்கத்தக்கது. நியூமனுக்கு நாம் ஞானஸ்நானம் கொடுத்து நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது அவருக்கும் நேர்மையன்று, நமக்கும் நேர்மையன்று. அவர் சனிக்கிழமையில் நிற்கிறார். நாம் ஞாயிற்றுக்கிழமையை அறிந்தவர்கள். ஆனால் சனிக்கிழமையைக் கடக்காமல் ஞாயிற்றுக்கு வந்தவர் எவரும் இல்லை. யூர்கன் மோல்ட்மன் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைக் குறித்த தம் நூலை 1972-இல் வெளியிட்டு, இக்கூக்குரலைக் கிறிஸ்தவ இறையியலின் நடுவில் வைத்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஓவியர் அதை நியூயார்க்கின் ஒரு சுவரில் வைத்திருந்தார் என்பதை இறையியல் மாணாக்கர் அறிந்திருத்தல் நலம்.

போதகருக்கு ஒரு சொல்

நியூமன் 1970-ஆம் ஆண்டு காலமானார். பதினான்கு ஓவியங்களும் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் ஒன்றாகவே உள்ளன. அன்று கோடுகள் என்று இகழப்பட்டவை இன்று அந்நூற்றாண்டின் முதன்மையான சமயக் கலைப்படைப்புகளுள் எண்ணப்படுகின்றன. காலம் தந்த புகழை நாம் சான்றாகக் கொள்ளவில்லை. அவர் அவற்றை ஆயத்தம் செய்த முறையையே சான்றாகக் கொள்கிறோம். ஏழு ஆண்டு மௌனத்துக்குப் பின்னும், தனிச்சுவரில் மீண்டும் இகழப்படலாம் என்று அறிந்திருந்தும், அவர் மக்களைக் கவரும் வண்ணங்களை நாடவில்லை. இருந்த வண்ணங்களையும் விலக்கினார். சொல்லவேண்டியது இன்னதென்று தெரியும்வரை காத்திருந்தார். தெரிந்தபின் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

நம் ஆயத்தமோ சனிக்கிழமை இரவில் தொடங்குகிறது. பொருள் முதலில் முடிவாகிவிடுகிறது. அதற்கு உதாரணங்கள் தேடப்படுகின்றன. இடைவெளி எங்கும் விழாதபடி கித்தான் முழுவதும் பூசப்படுகிறது. கேட்கிறவன் தன் துயரத்தோடு வந்து நிற்பதற்கு அதில் இடம் எங்கே?

வருகிற பெரிய வெள்ளியன்று நான்காம் வார்த்தையைப் பெறும் சகோதரர் ஒன்றை நினைவுகூர்வாராக. அவருக்குப் பின் ஐந்தாம் வார்த்தையை உரைக்க வேறொருவர் காத்திருக்கிறார். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் ஆட்கள் உண்டு. மூன்றாம் நாளும் வரவிருக்கிறது. எல்லாவற்றையும் அவரே முடித்துவைக்க வேண்டியதில்லை. வினாவை வினாவாகவே வாசித்து, சபையாரோடு சற்றுநேரம் அதன்முன் நின்று, பின்னர் அவர் இறங்கலாம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய்க்கு, தாம் கேட்டதை ஆண்டவரும் கேட்டார் என்பது அன்று முதன்முறையாகச் செவியில் விழக்கூடும்.